வெள்ளைப் படிவு நடத்திய பாடம்

என் வீட்டில் 50 லிட்டர் கொள்ளளவுள்ள கடல்நீர் மீன்தொட்டி ஒன்று இருக்கிறது. அதன் மோட்டாரில் ஒட்டியிருந்த வெள்ளைப் படிவைச் சுரண்டி எட்டாம் வகுப்புக்கு எடுத்துச் சென்றேன். "கடல்நீர் வற்றினால் உப்பு மிஞ்சும், இதோ பாருங்கள்" என்று காட்டினேன். முன்வரிசை மாணவி ஒருத்தி, "உப்புன்னா தண்ணியில கரையணுமே டீச்சர்?" என்றாள். கரைத்துப் பார்த்தோம். எவ்வளவு கலக்கியும் கரையவில்லை.

நான் சொன்னது தவறு என்று வகுப்பிலேயே ஒப்புக்கொண்டேன். மறுநாள் பாடத்தை அந்தக் கேள்வியிலிருந்தே தொடங்கினேன்.

மூன்று பொடிகள்

தொட்டியின் மேல்விளிம்பில் பூத்திருந்த பொடி, மோட்டாரின் படிவு, ஆழ்துளைக் கிணற்று நீரைக் காய்ச்சும் பாத்திரத்தின் அடிப்படிவு ஆகிய மூன்றையும் குழுக்களிடம் கொடுத்தேன். ஒரு சிட்டிகையில் நீரும், மற்றொரு சிட்டிகையில் வினிகரும் விட்டார்கள். விளிம்புப் பொடி நீரில் கரைந்தது, வினிகரில் நுரைக்கவில்லை. மற்ற இரண்டும் நீரில் கரையவில்லை, வினிகரில் நுரைத்தன. விளிம்பில் இருந்தது உப்பு. மோட்டாரில் இருந்தது நம் சமையலறைப் பாத்திரத்தில் படியும் அதே கால்சியம் கார்பனேட் என்று மாணவர்களே முடிவுக்கு வந்தார்கள்.

படிவது ஏன்?

மழைநீர் மண்ணில் இறங்கும்போது கார்பன் டைஆக்சைடைச் சேர்த்துக்கொண்டு, மண்ணிலும் பாறையிலும் உள்ள சுண்ணாம்பைக் கால்சியம் பைகார்பனேட்டாகக் கரைக்கிறது. மதுரைச் சமவெளியின் பல ஆழ்துளைக் கிணறுகளில் நீர் கடினமாக இருப்பது இதனால்தான். சூடாக்கினால் கார்பன் டைஆக்சைடு வெளியேறி, கரையாத கார்பனேட் படிகிறது. கடல்நீரிலும் லிட்டருக்குச் சுமார் 400 மில்லிகிராம் கால்சியம் உண்டு. ஓடும் மோட்டார் சூடாவதால் படிவு முதலில் அங்கேதான் ஒட்டுகிறது.

என் இன்னொரு தவறும் இங்கே வெளிப்பட்டது. வற்றிய அளவுக்கு ஆழ்துளைக் கிணற்று நீரையே ஊற்றி வந்தேன். ஆவியாவது நீர் மட்டுமே. தாதுக்கள் தொட்டியிலேயே தங்கும். குடிநீருக்கான இந்தியத் தரத்தில் கடினத்தன்மையின் ஏற்கத்தக்க அளவு லிட்டருக்கு 200 மில்லிகிராம். வேறு நீர் கிடைக்காதபோது 600 வரை அனுமதி உண்டு. 600 உள்ள நீரை வாரம் 5 லிட்டர் ஊற்றினால், கால்சியம் கார்பனேட் கணக்கில் வாரத்துக்கு 3 கிராம், ஆண்டுக்கு 156 கிராம் சேரும்.

கடல்நீரையே ஊற்றலாமா? கணக்குப் பாடமாக இதைக் கொடுத்தேன். லிட்டருக்கு 35 கிராம் வீதம் 50 லிட்டரில் 1,750 கிராம் உப்பு. 5 லிட்டர் வற்றியபின் அதே அளவு கடல்நீர் ஊற்றினால் 175 கிராம் கூடும், செறிவு 38.5 ஆகும். ஆகவே, வற்றியதற்கு ஈடாக ஆர்.ஓ. நீர் அல்லது காய்ச்சி வடித்த நீரே சரி.

"தொட்டிக்குள்ளேயே எலுமிச்சை பிழிஞ்சா படிவு போயிடுமே?" என்றான் ஒரு மாணவன். கடல்நீரின் பிஹெச் மதிப்பைச் சுமார் 8.1 அளவில் நிலையாக வைத்திருப்பவற்றுள் முக்கியமானது பைகார்பனேட். அமிலம் அதைத் தின்றுவிடும். பிறகு பிஹெச் சரிந்து மீன்கள் சாகும். மின் இணைப்பைத் துண்டித்து, மோட்டாரை வெளியே எடுத்து வினிகரில் ஊறவைத்து, நன்கு கழுவியபின் பொருத்துவதே முறை.

பவளம் வரை

பவள உயிரிகள் தம் கூட்டைக் கட்டுவதும் இதே கால்சியம் கார்பனேட்டால்தான். மன்னார் வளைகுடாவில் ஒரு காலத்தில் பவளப்பாறைகளை வெட்டிச் சுண்ணாம்புக்காக எரித்தார்கள். அங்குள்ள 21 தீவுகளைச் சார்ந்த பகுதி 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. 2001 முதல் பவளங்கள் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. எனவே செய்முறைக்குப் பவளத்துண்டு தேடவேண்டாம். முட்டை ஓடும் நத்தை ஓடும் அதேபோல் நுரைக்கும்.

மீன்தொட்டி இல்லாத பள்ளியிலும் கல்லுப்பு, பாத்திரப் படிவு, முட்டை ஓடு, வினிகர் இருந்தால் ஒரே பாடவேளையில் இதை முடிக்கலாம். ஒன்றை மட்டும் மாற்றிக்கொண்டேன்: பொருளின் பெயரை இப்போது நான் முதலில் சொல்வதில்லை. மாணவர்கள் சோதித்துச் சொன்ன பிறகே கரும்பலகையில் எழுதுகிறேன்.