எத்தியோப்பியா: மூன்றாவது கோப்பை வரை உட்காருங்கள்

எத்தியோப்பியாவுக்கு முதன்முறையாகப் போகிறவர்கள் சிறு குழுவாக, உள்ளூர் வழிகாட்டியோடு போவது நல்லது. உலகமெல்லாம் தனியாகச் சுற்றிப் பழகியவருக்கும் இதையேதான் சொல்வேன். எந்த ஊரில் இன்று டீசலுக்கு வரிசை நிற்கிறது, எந்தச் சாலையில் இந்த வாரம் போகக் கூடாது, ஏழு மணி நேரப் பாதை எந்த நாளில் பத்து மணி நேரமாகும் என்பதெல்லாம் கைபேசி வரைபடத்தில் வராது. அடுத்த ஊரில் இருக்கும் நண்பர் வழிகாட்டியைக் கூப்பிட்டுச் சொல்லும் செய்தி அது. அந்த ஒரு தொலைபேசி அழைப்புக்காகவே குழுவில் சேரலாம்.

எந்தக் குழு என்பதில்தான் கவனம் வேண்டும். 'பத்து நாளில் எத்தியோப்பியா முழுவதும்' என்று விளம்பரம் செய்யும் பயணங்களை விட்டுவிடுங்கள். பரப்பில் இந்த நாடு தமிழ்நாட்டைவிட எட்டு மடங்குக்கும் பெரியது, மலைநாடு வேறு. அப்படிப் போனால் பகலெல்லாம் வண்டியிலும் இரவெல்லாம் பெட்டி கட்டுவதிலும் போய்விடும். காபி பிறந்த மண்ணுக்குப் போய், காபி கொதிக்கும்வரை உட்கார நேரமில்லாமல் திரும்புவது பெரிய இழப்பு. இரண்டு மூன்று ஊர்களோடு நிறுத்திக்கொண்டு, ஒவ்வொன்றிலும் குறைந்தது இரண்டு இரவு தங்கும் திட்டத்தைத் தேர்ந்தெடுங்கள். ஆட்கள் பத்துக்குள் இருக்கட்டும். ஏன் பத்துக்குள் என்பதைக் காபிச் சடங்கு பற்றிச் சொல்லும்போது சொல்கிறேன்.

வடக்கா, தெற்கா?

வடக்கில் வரலாறு: பாறையைக் குடைந்து செதுக்கிய லாலிபெலாவின் பதினொரு தேவாலயங்கள், கோண்டார் கோட்டைகள், அக்சும் கல்தூண்கள். தெற்கிலும் தென்மேற்கிலும் காபி. மனம் இரண்டையும் கேட்கும். ஆனால் வடக்கே டிக்ராயில் 2020 நவம்பரில் தொடங்கிய போர் 2022 நவம்பர் வரை நடந்தது. லாலிபெலாவும் கோண்டாரும் இருக்கும் அம்ஹாரா மாநிலத்தில் 2023 ஆகஸ்டு முதல் ஆயுத மோதல். ஒரோமியா மாநிலத்தின் சில சாலைகளிலும் சிக்கல் உண்டு. எனவே முதல் பயணத்துக்குத் தலைநகர் அடிஸ் அபாபா, ஏரிக்கரை நகரமான ஹவாசா, அதற்குத் தெற்கே காபி விளையும் யிர்கச்செஃபே என்ற வழியையே பரிந்துரைக்கிறேன். பணம் கட்டுவதற்கு முன் ஒரு முறை, கிளம்பும் வாரத்தில் ஒரு முறை, இந்தியத் தூதரகத்தின் அறிவிப்பைப் பாருங்கள். ஹவாசாவுக்கு உள்நாட்டு விமானம் இருக்கிறது. நிலைமை சரியில்லையென்றால் தரைவழியை விட்டு விமானத்தில் அழைத்துப் போவார்களா, அதற்கான செலவு யாருடையது என்று ஏற்பாட்டாளரிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். இந்தக் கேள்விக்கு மழுப்பினால் வேறு ஆளைப் பாருங்கள்.

நேரம் கூடுதலாக இருப்பவர்கள் தென்மேற்கே ஜிம்மா, போங்கா பக்கம் போகலாம். அங்கே காஃபா காடுகளில் அராபிகா இன்னும் காட்டுச்செடியாகவே வளர்கிறது. அந்தக் காட்டை யுனெஸ்கோ 2010-இல் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்தது. விடுதிகள் எளியவை, பாதை நீளம். இரண்டாவது பயணத்துக்கு வைத்துக்கொண்டாலும் நட்டமில்லை.

எப்போது, என்னென்ன எடுத்துக்கொண்டு?

ஜூன் முதல் செப்டம்பர் வரை பெருமழை. காபிப் பழம் பறிப்பது ஏறக்குறைய அக்டோபரிலிருந்து ஜனவரி வரை. நவம்பரும் டிசம்பரும் மிகப் பொருத்தம். மே மாதம் போனால் தோட்டம் பச்சையாக இருக்கும், களம் காலியாகக் கிடக்கும். ஜனவரியில் போகிறவர்களுக்கு இன்னொரு வாய்ப்பும் உண்டு: ஜனவரி 7 அவர்களுடைய கிறிஸ்துமஸ், 19 அன்று, சில ஆண்டுகளில் 20 அன்று, திம்கத் என்னும் திருமுழுக்குத் திருவிழா. அந்த நாட்களில் விடுதி அறைகள் மாதக்கணக்கில் முன்பே நிரம்பிவிடும்.

மும்பையிலிருந்து அடிஸ் அபாபாவுக்கு நேரடி விமானம் உண்டு. விசாவை இணையவழியில் அரசின் தளத்திலேயே வாங்கலாம். ஆனால் நம்மவர்கள் பலர் கோட்டைவிடும் இடம் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. எத்தியோப்பியா அந்த நோயுள்ள நாடுகளின் பட்டியலில் இருக்கிறது. அங்கிருந்து இந்தியாவுக்குத் திரும்பும்போது தடுப்பூசிச் சான்றிதழான மஞ்சள் அட்டையைக் காட்ட வேண்டும். இல்லையென்றால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்துவார்கள். ஊசி போட்டுப் பத்து நாள் கழிந்த பிறகே சான்றிதழ் செல்லும், அதன்பின் ஆயுள் முழுவதும் செல்லும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். குறிப்பிட்ட நாட்களில் மட்டும் என்பதால் ஒரு மாதம் முன்பே கேட்டுவிடுங்கள். அட்டையைப் பெட்டிக்குள் போடாமல் பாஸ்போர்ட்டோடு கையில் வையுங்கள். ட்ரோன் எடுத்துப் போகாதீர்கள், சுங்கத்தில் வாங்கி வைத்துக்கொள்வார்கள்.

டாலர் நோட்டுகள் புதிதாக, கசங்காமல் இருக்கட்டும். அங்குள்ள பணம் பிர். 2024 ஜூலையில் அதன் மதிப்பைச் சந்தை முடிவுசெய்ய அரசு விட்டுவிட்டது. அதிலிருந்து விலைகள் வேகமாக மாறுகின்றன. பழைய பயணக் குறிப்புகளில் உள்ள பிர் கணக்கு எதுவும் இப்போது உதவாது. வங்கியில் மாற்றுங்கள், தெருவில் வேண்டாம்.

மூன்று மணி என்றால் எத்தனை மணி?

குழுவைவிட்டு ஒரு மணி நேரம் தனியாக நடந்தாலும் உள்ளூர் மணிக்கணக்கு உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். எத்தியோப்பியர்களின் நாள் விடியலில் தொடங்குகிறது. நமக்குக் காலை ஏழு என்றால் அவர்களுக்கு ஒரு மணி. நமக்கு ஒன்பது என்றால் அவர்களுக்கு மூன்று. விமானச் சீட்டில் உலக நேரமே அச்சாகியிருக்கும். ஆனால் விடுதிக் காவலாளியும் ஆட்டோக்காரரும் (அங்கே ஆட்டோவைப் பஜாஜ் என்றே கூப்பிடுகிறார்கள்) சொல்வது உள்ளூர் நேரம். யார் மணி சொன்னாலும் 'ஹபெஷா நேரமா, ஃபெரெஞ்சி நேரமா?' என்று கேட்டு உறுதிசெய்யுங்கள். முன்னது அவர்களுடையது, பின்னது வெளிநாட்டாருடையது. நாட்காட்டியும் வேறு: முப்பது நாள் கொண்ட பன்னிரண்டு மாதங்கள், கடைசியில் ஐந்து அல்லது ஆறு நாளில் ஒரு பதின்மூன்றாம் மாதம். ஆண்டு நம்முடையதைவிட ஏழெட்டு குறைவு. ரசீதில் ஏதோ பழைய ஆண்டு இருக்கிறதே என்று பதற வேண்டாம்.

அடிஸ் அபாபாவில் முதல் நாள்

கடல்மட்டத்துக்கு மேல் 2,300 மீட்டரைத் தாண்டிய நகரம். ஊட்டியைவிட உயரம். முதல் நாள் படியேறினால் மூச்சு வாங்கும், இரவில் தூக்கம் பிடிக்காது. தண்ணீர் நிறையக் குடித்து மெதுவாக நடங்கள். வந்த அன்றே ஊர்சுற்றத் திட்டம் போட்டிருக்கும் குழு, உயரத்தைப் பற்றி யோசிக்கவில்லை என்று பொருள். தேசிய அருங்காட்சியகத்தில் லூசிக்காக ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். 1974-இல் ஹதாரில் கிடைத்த, 32 லட்சம் ஆண்டுப் பழைமையுள்ள, மனித மூதாதை ஒருத்தியின் எலும்புக்கூடு. எத்தியோப்பியர்கள் அவளை திங்கினேஷ் என்கிறார்கள். பிறகு 1953 முதல் நடக்கும் டோமோக்கா காபிக் கடையில் நின்றபடியே, சிறிது பால் விட்ட ஒரு மக்கியாட்டோ. 1936 முதல் 1941 வரை நாட்டை ஆக்கிரமித்திருந்த இத்தாலியர்கள் விட்டுப்போன பழக்கம் அது. பால் வேண்டுமென்றால் நகரத்திலேயே குடித்துக்கொள்ளுங்கள், தெற்கே வீடுகளில் கறுப்புக் காபிதான். சிக்கரி எங்கும் கிடையாது.

சைவ உணவுக்காரர்கள் சாப்பாட்டுக்கு அஞ்ச வேண்டாம். எத்தியோப்பிய மரபுவழி கிறிஸ்தவர்கள் ஆண்டில் பாதிக்கும் மேற்பட்ட நாட்கள் நோன்பிருப்பவர்கள். புதனும் வெள்ளியும் இறைச்சி, பால், வெண்ணெய், முட்டை எதுவும் தொடமாட்டார்கள். அதனால் 'யெட்சோம்' என்று கேட்டால் பெரும்பாலான உணவகங்களில் நோன்புச் சாப்பாடு வரும். ஆப்பம்போல் துளைத்துளையாக, ஆனால் நல்ல புளிப்போடு, அகன்ற இஞ்செரா. அதன்மேல் மிசிர் என்னும் பருப்பு, கடலைமாவில் செய்த ஷிரோ, கீரை, பீட்ரூட் எனக் குவியல் குவியலாக. எல்லோரும் ஒரே தட்டில் வலக்கையால் சாப்பிடுவார்கள். யாராவது ஒரு கவளத்தை உங்கள் வாயருகே நீட்டினால் அது அன்பின் அடையாளம், மறுக்காதீர்கள். நோன்பில்லாத நாளில் பருப்பில்கூட வெண்ணெயோ இறைச்சிச் சாறோ இருக்கலாம் என்பதால் அன்றைக்கும் 'யெட்சோம்' என்றே சொல்லிக் கேளுங்கள்.

யிர்கச்செஃபே: சாயங்காலம் போங்கள்

ஹவாசாவிலிருந்து தெற்கே சாலை ஏற ஏற, இருபுறமும் வீட்டுக்கொல்லைகள். பெரிய எஸ்டேட்டைத் தேடாதீர்கள். இங்கே காபி பெரும்பாலும் ஓர் ஏக்கர், இரண்டு ஏக்கர்க்காரர்களுடையது. மேலே நிழல்மரம், நடுவில் வாழையின் உறவான என்செட், கீழே காபி. என்செட்டில் பழம் சாப்பிடுவதில்லை. தண்டையும் கிழங்கையும் சுரண்டி, மண்ணில் புதைத்துப் புளிக்கவைத்து ரொட்டி சுடுகிறார்கள். கெதியோ மக்கள் தலைமுறை தலைமுறையாகக் காத்துவரும் இந்த நிலக்காட்சியை யுனெஸ்கோ 2023-இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. வண்டியை நிறுத்தச் சொல்லி ஒரு கொல்லைக்குள் நடந்து பாருங்கள். ஜன்னல் வழியே பார்த்தால் வெறும் பச்சைதான் தெரியும்.

பழத்தை அலசும் நிலையத்துக்குக் குழுக்களைப் பெரும்பாலும் காலையில் அழைத்துப் போகிறார்கள். நீங்கள் சாயங்காலத்துக்குக் கேளுங்கள். பகலெல்லாம் பறித்த பழத்தை மூட்டையாகத் தலையிலும் கழுதையிலும் ஏற்றிக்கொண்டு அப்போதுதான் விவசாயிகள் வருவார்கள். பச்சைக்காயும் பழுத்ததும் பிரித்து, எடைபோட்டு, சீட்டு எழுதி, இருட்டிய பிறகும் தோல் உரிக்கும் இயந்திரமான பல்பர் ஓடும். பறித்த பழத்தை அன்றைக்கே தோல் உரித்தாக வேண்டும். உரித்த கொட்டை ஓரிரு நாள் தொட்டியில் புளித்து, ஓடும் நீரில் அலசப்பட்டு, இடுப்புயரக் கட்டில்போல் வலை விரித்த மேடைகளில் காயும். மறுநாள் காலை அந்த மேடைகளுக்குப் போங்கள். பெண்கள் இருபக்கமும் நின்று, ஈரக் கொட்டையைக் கையால் பரப்பி, உடைந்ததையும் பூச்சி கடித்ததையும் பொறுக்குவார்கள். வெயில் ஏறினால் துணியால் மூடி, தாழ்ந்தால் திறந்து, இரண்டு வாரம் வரை இதே வேலை. தோலோடு அப்படியே காயவைக்கும் வகையும் உண்டு. ஏற்காட்டிலும் தாண்டிக்குடியிலும் பார்ச்மென்ட், செர்ரி என்று பிரிக்கிறோமே, அதே இரண்டு வகைதான். நம் மலைக்காபி தெரிந்தவருக்கு இங்கே கேட்க நிறையக் கேள்வி இருக்கும்.

இந்தச் சாயங்காலமும் காலையும் வாய்க்க வேண்டுமென்றால் யிர்கச்செஃபேயிலோ, அருகே தில்லாவிலோ இரவு தங்க வேண்டும். ஹவாசாவிலிருந்து போய் அன்றே திரும்பும் திட்டத்துக்கு ஒப்புக்கொள்ளாதீர்கள்.

மூன்று கோப்பை

காபிச் சடங்கை விடுதி முகப்பிலும் காட்டுவார்கள். அதற்குப் பதில் வழிகாட்டியிடம் ஒரு வீட்டில் ஏற்பாடு செய்யச் சொல்லுங்கள். வீட்டுக்கூடம் சிறியது, பத்துப் பேருக்கு மேல் போனால் விருந்தாளியாக உட்கார முடியாது, வேடிக்கை பார்க்கும் கூட்டமாகத்தான் நிற்கலாம்.

தரையில் பச்சைப்புல் பரப்பியிருக்கும். வீட்டுப்பெண் தாழ்ந்த முக்காலியில் உட்கார்ந்து, பச்சைக்கொட்டையை நீரில் கழுவி, கரியடுப்பில் தட்டையான சட்டியில் வறுப்பார். வெடிக்கத் தொடங்கிப் புகை எழும்போது சட்டியை ஒவ்வொருவர் முன்னும் கொண்டுவருவார். அந்தப் புகையைக் கையால் உங்கள் பக்கம் இழுத்து முகருங்கள். அவர் அதற்காகத்தான் நிற்கிறார். பிறகு உரலில் இடித்து, நீண்ட கழுத்துள்ள ஜெபெனா என்னும் மண்கூஜாவில் கொதிக்கவைத்து, வண்டல் அடங்கும்வரை சாய்த்து வைப்பார். சாம்பிராணி புகையும். பொரித்த சோளமோ வறுத்த பார்லியோ கையில் வரும். கைப்பிடியில்லாத சின்னக் கோப்பைகளை நெருக்கி அடுக்கி, ஓரடி உயரத்திலிருந்து ஒரே ஒழுக்காக ஊற்றுவார். சர்க்கரை போடுவார்கள், சில ஊர்களில் உப்பு. அருவதா இலை ஒரு கொத்து போட்டால் தயங்காமல் குடியுங்கள், மணம் அபாரம்.

முதல் சுற்று அபோல். அதே தூளில் தண்ணீர் விட்டு இரண்டாவது தோனா, மூன்றாவது பெரெக்கா. மூன்றாவது நீர்த்துத்தான் இருக்கும், ஆனால் ஆசி அதில் இருப்பதாக நம்பிக்கை. முதல் கோப்பையோடு எழுந்துபோவது மரியாதையில்லை. முழுவதற்கும் ஒன்றரை மணி நேரமாவது ஆகும். இரண்டாவது சுற்றில்தான் பேச்சு சூடுபிடிக்கும். பிள்ளைகளின் படிப்பு, இந்த ஆண்டுப் பழத்தின் விலை, உங்கள் ஊரில் மழை எப்படி என்று அவர்கள் கேட்பார்கள். கைபேசியை உள்ளே வைத்துவிடுங்கள். படம் எடுக்க வேண்டுமானால் கேட்டுவிட்டு, ஒன்றிரண்டோடு நிறுத்துங்கள். அந்த வீட்டுக்குப் போகும் தொகை எவ்வளவு என்று வழிகாட்டியிடம் முன்பே கேட்டு, குழுவாகச் சேர்ந்து இன்னும் கொஞ்சம் கொடுங்கள். ஓட்டுநருக்கும் வழிகாட்டிக்கும் பயணத்தின் கடைசி நாளில் தனித்தனி உறையில் அன்பளிப்பு தருவது வழக்கம். சாலையில் கை நீட்டும் சிறுவர்களுக்குப் பேனாவும் மிட்டாயும் வீசுவது பள்ளிக்குப் போகாமல் அவர்களைச் சாலையோரத்தில் நிறுத்திவைக்கும். மனமிருந்தால் பள்ளிக்கூடத்திலேயே கொண்டுபோய்க் கொடுங்கள்.

ஊருக்கு வாங்கும் காபி வறுத்ததாக இருக்கட்டும். பச்சைக்கொட்டைக்கு இந்தியாவில் தாவரத் தனிமைப்படுத்தல் விதி உண்டு, சுங்கத்தில் நிறுத்தினால் விளக்கம் சொல்லி மாளாது. பையில் வறுத்த தேதி அச்சாகியிருக்கிறதா என்று பார்த்து, அடிஸ் அபாபாவில் கடைசி நாள் வாங்குங்கள். ஜெபெனாவை ஹவாசாச் சந்தையில் வாங்கலாம். கழுத்துதான் முதலில் உடையும், உள்ளே காலுறையைத் திணித்து, துண்டில் சுற்றிக் கைப்பையில் கொண்டுவாருங்கள்.