பல வருடம் பிரிந்திருந்து விவாகரத்துக்குப் போகிறீர்களா? பணத்தை முதலில் பேசுங்கள்

தொட்டியம் பக்கம் பல வருடமாகத் தாய்வீட்டில் இருக்கும் பெண்களிடம் கேட்டால், "எங்களுக்குள்ள எப்பவோ முடிஞ்சு போச்சு" என்பார்கள். சட்டப்படி எதுவும் முடியவில்லை. நீதிமன்றம் தீர்ப்பு தரும்வரை அவர் மனைவிதான், கணவருக்கு வாரிசும்தான். தீர்ப்பு வந்ததும் அந்த வாரிசு உரிமை போய்விடும். அதனால் கணக்கைத் தீர்ப்புக்கு முன்பே பேசி முடிக்க வேண்டும்.

செய்ய வேண்டியவை

● நகைக் கணக்கை எழுதுங்கள். கல்யாணத்தில் போட்ட நகையும் சீர்ப் பாத்திரமும் கணவர் வீட்டில் இருந்தாலும் பெண்ணுக்கே சொந்தம் என்று உச்ச நீதிமன்றம் 1985இலேயே சொல்லிவிட்டது. இங்கே சிக்கல் அடகில்தான். வாழை நடவுக்கும் உரத்துக்கும் மனைவியின் நகை கூட்டுறவு சங்கத்துக்குப் போயிருக்கும். சீட்டு கணவர் பெயரில் இருக்கும். மீட்டாரா, ஏலத்துக்குப் போயிற்றா என்பதே பலருக்குத் தெரியாது. நகைக்கடை ரசீது, கல்யாண ஆல்பம், மொய் நோட்டு, அடகுச் சீட்டின் நகல் எல்லாவற்றையும் தேடி எடுத்து வையுங்கள்.

● வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். பிரிந்திருந்த காலத்தில் கணவரின் தோட்டம் அவர் தம்பி பெயருக்கு செட்டில்மென்ட் ஆகியிருக்கலாம்.

● ஜீவனாம்சம் கேட்பதைத் தள்ளிப்போடாதீர்கள். மனு போட்ட தேதியிலிருந்துதான் கணக்கு என்று 2020 நவம்பரில் உச்ச நீதிமன்றம் வகுத்தது. இருவருமே வருமானம், சொத்து, கடனைப் பிரமாண வாக்குமூலமாகத் தர வேண்டும் என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது.

● இன்சூரன்ஸிலும் வங்கிக் கணக்கிலும் நாமினி பெயரைப் பாருங்கள். விவாகரத்தானாலும் அது தானாக மாறாது.

செய்யக்கூடாதவை

● முத்திரைத்தாளில் "தீர்த்து" எழுதிப் பிரியாதீர்கள். அப்படி ஒரு வழக்கம் தங்கள் சமூகத்தில் உண்டென்று நிரூபித்தால் ஒழிய, இந்துத் திருமணம் அதனால் முறியாது. பஞ்சாயத்தில் ரசீது இல்லாமல் கைமாறிய ரொக்கத்துக்குச் சாட்சி சொல்ல நாளை ஒருவரும் வர மாட்டார்.

● பாதிச் சொத்து தானாக வந்துவிடும் என்று நம்பாதீர்கள். இந்துத் திருமணச் சட்டத்தில் அப்படி ஒரு விதி இல்லை. இது பெரிய அநியாயம் என்பது என் எண்ணம். ஆனாலும் 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம், கணவர் சவூதியில் சம்பாதித்தபோது இங்கே வீட்டையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொண்ட ஒரு மனைவிக்குச் சில சொத்துகளில் பாதிப் பங்கு கொடுத்தது. வீட்டு வேலையும் பங்களிப்புதான் என்றது. அது விவாகரத்து வழக்கல்ல. இருந்தாலும் உங்கள் வக்கீலிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

● பிள்ளைகளின் பங்கை விட்டுக்கொடுத்துக் கையெழுத்துப் போடாதீர்கள். தன் ஜீவனாம்சம் வேண்டாம் என்று அம்மா சொல்லலாம். பிள்ளையுடையதை வேண்டாம் என்று சொல்ல அவருக்கு அதிகாரம் இல்லை. பூர்வீகச் சொத்தில் பிள்ளைகளுக்குள்ள உரிமையும் பெற்றோர் பிரிவதால் போகாது.

கணவர் ஊருக்குப் போய் வழக்காட வேண்டுமே என்று பயப்படாதீர்கள். மனைவி தான் குடியிருக்கும் இடத்து நீதிமன்றத்திலேயே மனு போட 2003இல் சட்டம் திருத்தப்பட்டது. வக்கீல் வைக்கப் பணமில்லை என்றால் திருச்சி மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள். பெண்களுக்கு அங்கே வருமான வரம்பு பார்க்காமல் இலவசமாக வக்கீல் வைத்துத் தருவார்கள்.