மே மாதமும் கேஸ் கட்டும்

ஏப்ரல் பாதி கழிந்ததுமே தம்பு செட்டித் தெருவிலும் ஆர்மேனியன் தெருவிலும் கறுப்புக் கோட்டைக் கையில் மடித்துப் பிடித்தபடி சட்டக் கல்லூரிப் பிள்ளைகள் வக்கீல் அலுவலக மாடிகளில் ஏறத் தொடங்கிவிடுவார்கள். "சார், ஒரு மாசம் இன்டர்ன்ஷிப் வேணும்." கையில் கல்லூரிக் கடிதம் இருக்கும். மனசில் கல்லூரி அண்ணன்களும் அக்காக்களும் சொல்லி அனுப்பிய சில நம்பிக்கைகள் இருக்கும். கடிதத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடலாம். அந்த நம்பிக்கைகளைப் பற்றித்தான் உட்கார்ந்து பேச வேண்டியிருக்கிறது.

நம்பிக்கை: பெரிய லா ஃபர்ம் ஒன்றில் கோடை முழுக்க இருந்துவிட்டால் போதும்.

போதாது. பார் கவுன்சிலின் 2008 சட்டக் கல்வி விதிகள், மூன்றாண்டுப் படிப்புக்குக் குறைந்தது 12 வாரம், ஐந்தாண்டுப் படிப்புக்கு 20 வாரம் பயிற்சி வேண்டும் என்கின்றன. ஆனால் ஓர் ஆண்டில் தொடர்ச்சியாக நான்கு வாரத்துக்கு மேல் கூடாது. விசாரணை நீதிமன்றத்திலும் மேல்முறையீட்டிலும் வாதாடும் வழக்கறிஞர்களிடம் படிப்புக் காலத்தில் ஒரு முறையாவது இருந்திருக்கவும் வேண்டும். ஃபர்மில் ஒப்பந்த ஷரத்துகளை ஒப்பிடுவீர்கள், தீர்ப்புகளைத் தேடிக் குறிப்பு எழுதுவீர்கள். நல்ல பயிற்சிதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் குறுக்கு விசாரணையில் சாட்சி சட்டென்று தயங்கி, தன் வக்கீலைத் திரும்பிப் பார்க்கும் பார்வையைக் காண சைதாப்பேட்டை கோர்ட்டுக்கோ திருவள்ளூர் கோர்ட்டுக்கோ போய்த்தான் ஆக வேண்டும்.

நம்பிக்கை: மே மாதம் கோர்ட்டே இல்லை, போய் என்ன கற்பது?

நான் அதிகம் கேட்பது இதைத்தான், மிகவும் வருத்தப்படுவதும் இதற்குத்தான். உயர் நீதிமன்றத்துக்குக் கோடை விடுமுறை உண்மை. அவசர வழக்குகளுக்கு மட்டும் விடுமுறை அமர்வு கூடும். உரிமையியல் நீதிமன்றங்களும் மூடியிருக்கும். மாஜிஸ்திரேட் கோர்ட் மூடாது. கைதானவரை, பயண நேரம் நீங்கலாக, 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்கிறது அரசியல் சட்டத்தின் 22-வது பிரிவு. மே மாதம் என்று அதற்கு விலக்குக் கிடையாது. எழும்பூர் கோர்ட்டில் ஒரு காலைப் பொழுது பின்பெஞ்சில் உட்கார்ந்து பாருங்கள். 'போலீஸ் அடித்தார்களா' என்ற கேள்விக்கு ஓர் இளைஞன் பதில் சொல்வதற்கு முன் யாரைப் பார்க்கிறான் என்று கவனியுங்கள். குற்றவியல் நடைமுறை அங்கேதான் உயிரோடு இருக்கிறது.

மே இன்னொரு காரணத்துக்காகவும் நல்ல மாதம். ஜூனில் கோர்ட் திறந்ததும் தாக்கல் செய்ய வேண்டிய பிராதுகளும் எதிருரைகளும் அலுவலகத்தில் உருவாகும் காலம் அது. வாய்தா நெருக்கடி இல்லாததால் சீனியருக்குப் பேச நேரம் கிடைக்கும்.

நான் படித்த காலத்தில், மூன்றாமாண்டு கோடையில் என் கையில் ஒரு கட்டைக் கொடுத்து, அதிலுள்ள தேதிகளை எல்லாம் வரிசையாக எழுதச் சொன்னார் அலுவலகக் குமாஸ்தா. சட்டம் படிக்க வந்தவருக்கு இதுதான் வேலையா என்று எனக்குக் கோபம் வந்தது. கிரைய ஒப்பந்தத்தை நிறைவேற்றித் தரக் கோரும் வழக்கு அது. ஒப்பந்தப்படி கிரையம் முடிக்க வேண்டிய நாளிலிருந்து மூன்று ஆண்டு கெடு. எண்ணிப் பார்த்தால் கெடு மே நடுவிலேயே முடிகிறது, கோர்ட்டோ ஜூனில்தான் திறக்கும். எனக்கு வியர்த்துவிட்டது. குமாஸ்தா அமைதியாக, "திறக்கிற அன்னிக்குப் போட்டுடலாம், தம்பி. மறுநாள் போனா போச்சு" என்றார். 1963 காலவரம்புச் சட்டத்தின் 4-வது பிரிவை அவர் எண் சொல்லாமல் சொல்லிக்கொடுத்தார். அதன்பிறகு அந்தப் பிரிவை நான் மறந்ததில்லை.

ஆகவே, குமாஸ்தா வேலை கேவலம் என்பவர்களுக்குத் தனியாகப் பதில் எழுதப்போவதில்லை. தாக்கல் செய்த மனு ஏன் ரிட்டர்ன் ஆகிறது, நகல் மனு எங்கே போடுவது, வக்காலத்தில் எதை விட்டால் எண் விழாது என்பதையெல்லாம் அவர்தான் சொல்வார். பார் கவுன்சில் பாடத்திட்டமும் இதைத்தான் கேட்கிறது. பயிற்சித் தாளின் 100 மதிப்பெண்ணில் 30, கட்சிக்காரரிடம் விவரம் கேட்பதையும் வழக்குத் தயாராவதையும் அலுவலகத்தில் கூடவே இருந்து பார்த்து டைரியில் எழுதுவதற்கு. அந்த டைரியை ஒருவர் எழுத, பத்துப் பேர் பார்த்து எழுதுகிறார்கள். எவ்வளவு பெரிய நஷ்டம்!

நம்பிக்கை: கோட்டுப் போட்டுவிட்டால் நீதிபதி முன் நின்று ஒரு வார்த்தை பேசலாம்.

வாய்தா கேட்கக்கூட உரிமை இல்லை. 1961 வழக்கறிஞர் சட்டத்தின் 33-வது பிரிவுப்படி பதிவு செய்த வழக்கறிஞருக்கே அந்த இடம். கழுத்துப் பட்டையும் கவுனும் அவருக்கே உரியவை. மாணவருக்குக் கறுப்பு டையும் கோட்டும்.

கட்டோடு படம் எடுத்துப் பகிர்வதைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கட்சிக்காரரின் ரகசியம் காக்கும் கடமை வக்கீலோடு நிற்பதில்லை. அவரது குமாஸ்தாவுக்கும் ஊழியர்களுக்கும் அது பொருந்தும் என்று பாரதிய சாட்சிய அதினியத்தின் 132-வது பிரிவு சொல்கிறது. விவாகரத்துக் கட்டின் மேலட்டையில் இருக்கும் பெயர் ஒரு பெண்ணின் வாழ்க்கை.

நம்பிக்கை: தேசியச் சட்டப் பல்கலைக்கழகப் பிள்ளைகளுக்குத்தான் கதவு திறக்கும்.

பாதி உண்மை. பெரிய ஃபர்ம்கள் ஆள் தேடி முதலில் போவது அந்த வளாகங்களுக்குத்தான். புதுப்பாக்கம், பட்டறைப்பெரும்புதூர் அரசு சட்டக் கல்லூரிகளில் படிக்கும் பிள்ளைகள் தாங்களே எழுதிக் கேட்டு, பதிலுக்காகக் காத்திருக்க வேண்டியிருக்கிறது. இது அநியாயம் என்றே நினைக்கிறேன். ஆனால் தமிழ் வழியில் படித்து வந்த மாணவர் தன்னிடம் இருக்கும் ஒன்றை அறியாமலே தலைகுனிந்து நிற்கிறார். 1950-களின் கிரையப் பத்திரம் ஒன்றைப் பிரித்து, நான்கெல்லை எது, 'சர்வ சுதந்திர பாத்தியமாய்' என்றால் என்ன, வில்லங்கம் பராதீனம் எங்கே பேசப்படுகிறது என்று தடங்கலின்றி வாசிப்பவர் எந்த அலுவலகத்திலும் அரிது. கீழமை நீதிமன்றங்களில் சாட்சியம் பதிவாவதும் தமிழில்தான். சொத்து வழக்கு நடத்தும் சீனியரிடம் போய், "பழைய பத்திரம் படிப்பேன், சார்" என்று சொல்லிப் பாருங்கள். உட்காரச் சொல்வார்.

நம்பிக்கை: இப்போதெல்லாம் இன்டர்னுக்கே மாதம் 20,000 ரூபாய் தர வேண்டும் என்று கோர்ட் சொல்லிவிட்டது.

2024 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது ஜூனியர் வழக்கறிஞர்களுக்கு. சென்னை, மதுரை, கோவையில் மாதம் குறைந்தது 20,000, மற்ற ஊர்களில் 15,000. படித்துக்கொண்டிருக்கும் மாணவருக்கு அதில் பங்கில்லை. பயிற்சி விதிகளும் காசு பற்றிப் பேசவில்லை. சில ஃபர்ம்கள் உதவித்தொகை தருகின்றன, பல அலுவலகங்கள் சான்றிதழ் மட்டும் தருகின்றன.

இங்கே நான் சீனியர்களிடம்தான் பேச வேண்டும். செங்கல்பட்டிலிருந்தோ அரக்கோணத்திலிருந்தோ தினமும் ரயிலேறி வரும் பிள்ளைக்கு நான்கு வாரப் பயணச் செலவு சிறிய தொகை அல்ல. மதியம் ஒரு மணிக்குக் கட்டை மூடி வைத்துவிட்டு, "இதோ வந்துடறேன், சார்" என்று இறங்கிப் போகிறாளே, அவள் எங்கே போகிறாள், சாப்பிடத்தான் போகிறாளா என்று ஒரு நாள் கேட்டுப் பாருங்கள்.