வெட்டச் சொன்னார்கள், வெட்டினேன்

முப்பத்தொரு வருஷ காலம் பத்திரப் பதிவு இலாகாவில் உத்தியோகம் பார்த்து, பழைய தஞ்சை ஜில்லாவின் நான்கு ஊர்களில் சார்பதிவாளனாக இருந்து, ஒரு துண்டுச் சீட்டைக்கூடக் காரணமின்றிக் கிழித்தெறியாதவன் என்று பெயர் வாங்கிய நான், என் பேத்தியின் வழக்குக்கு உயிர்நாடியாயிருந்த ஒரே சாட்சியத்தை என் கையாலேயே சமையலறைக் கத்தரிக்கோலால் வெட்டிக் குப்பை லாரியில் ஏற்றி அனுப்பினேன் என்பதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆயினும் எழுதுகிறேன். மகளுடைய பிரசவத்துக்கோ மருமகளுடைய பிரசவத்துக்கோ ஆறு மாத விசாவில் அமெரிக்கா போய், காலை வேளையில் பேரக்குழந்தையை வண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு ஏரிக்கரையைச் சுற்றிவரும் தாத்தாக்களில் நீங்களும் ஒருவராகத்தான் இருப்பீர்கள். அந்த வண்டியை வாங்கியது நீங்களல்ல, அதன் காகிதங்கள் இருக்கும் இடமும் உங்களுக்குத் தெரியாது.

வண்டி என்று சொல்லிவிட்டேன். தள்ளுவண்டி என்றால் நம் ஊரில் சுண்டல்காரர் ஞாபகம்தான் வரும். அங்கே அதற்கு ஸ்ட்ரோலர் என்று பெயர், நாமும் அப்படியே சொல்லிப் பழகிவிட்டோம். எங்கள் வீட்டு ஸ்ட்ரோலர் குடைபோல மடங்குகிற ஜாதி. மாப்பிள்ளையின் சக உத்தியோகஸ்தர் ஒருவர் தம் குழந்தை வளர்ந்துவிட்டபடியால் இனாமாகக் கொடுத்தது. 2017 அக்டோபரில் ஒரு காலை, கலிபோர்னியாவில் ஃப்ரீமான்ட் நகரத்து எலிசபெத் ஏரிக்கரையில், பதினான்கு மாதக் குழந்தையை உட்கார வைத்திருந்த அந்த வண்டியின் ஒரு பக்கச் சட்டம் முழுதும் விரியாமல் நிற்பதைக் கண்டு, கைப்பிடியை ஒரு முறை அழுத்தினேன். அழுத்தியதுதான் தாமதம், பாக்குவெட்டியில் கொட்டைப்பாக்கு நறுங்குகிற சத்தம் கேட்டது. பாக்குவெட்டியேதான். இரண்டு உலோகச் சட்டங்கள் ஓர் ஆணியில் பிணைந்து, திறக்கையில் இடைவெளி விட்டு, பூட்டுகையில் ஒன்றையொன்று கடந்து செல்லும் அந்தக் கீலின்மேல் மூடி எதுவும் கிடையாது. குழந்தை இயல்பாகக் கை வைத்துக்கொள்ளும் உயரத்திலேயே அது இருந்தது. இடது கை மோதிர விரலின் நுனி, நகத்தின் பாதியோடு, போய்விட்டது.

ஆம்புலன்ஸ், அறுவைச் சிகிச்சை, பதினோரு வாரக் கட்டு இவற்றையெல்லாம் விஸ்தரிக்க விருப்பமில்லை. ஒன்று மாத்திரம் சொல்லிவைக்கிறேன். துண்டான நுனியை ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையிலிட்டு, அந்தப் பையைத்தான் பனிக்கட்டியின்மேல் வைக்க வேண்டும். சதை நேரே பனிக்கட்டியில் படலாகாது. இது அன்றைக்கு எனக்குத் தெரியாது. பூங்காவில் நடந்துகொண்டிருந்த ஒரு சீனத்து அம்மாள் செய்து கொடுத்தாள். வைத்துத் தைத்த சதை பாதி பிடித்தது, பாதி பிடிக்கவில்லை. பெருவிரலில் மை தடவிக் கைநாட்டு வாங்கியே ஆயுளைக் கழித்தவனுக்கு ஒரு விரல் நுனியின் மதிப்பு இன்னதென்று யாரும் வகுப்பெடுக்க வேண்டியதில்லை.

2018 ஜனவரியில் கடிதம் வந்தது. வண்டியை முதலில் வாங்கிய அந்த நண்பருடைய மனைவி சிரத்தையுள்ளவள் போலிருக்கிறது. வண்டியோடு வந்த தபால்தலை ஒட்டத் தேவையில்லாத பதிவு அட்டையை நிரப்பி அனுப்பியிருந்தாள். அந்த அட்டைக்கே ஒரு துயரக் கதை உண்டு. ஐந்து வருஷத்துக்கு முன்பே திரும்பப் பெறுவதாக அறிவிக்கப்பட்டிருந்த ஒரு மடக்குத் தொட்டில், 1998-இல் சிகாகோவில் டேனி கீசர் என்னும் குழந்தையின் கழுத்தை நெரித்துக் கொன்றது. வீட்டார்க்கு அறிவிப்பே எட்டியிருக்கவில்லை. அதன் விளைவாகவே, 2008-இல் அந்நாட்டுப் பாராளுமன்றம் இயற்றிய நுகர்பொருள் பாதுகாப்புச் சட்டத் திருத்தத்தில், குழந்தைச் சாமான்களோடு பதிவு அட்டை வைத்தே தீர வேண்டுமென்ற பகுதி அக்குழந்தையின் பெயராலேயே சேர்க்கப்பட்டது. அட்டை நிரப்பியவளுக்கு வந்த கடிதம் அவள் கணவர் மூலம் மாப்பிள்ளைக்கும், மாப்பிள்ளை மூலம் சாப்பாட்டு மேஜைக்கும், அங்கிருந்து என் கைக்கும் வந்து சேர்ந்தது. கீலில் விரல் சிக்கும் அபாயம் இருப்பதால் இந்த ரக வண்டிகளை உபயோகிப்பதை உடனே நிறுத்தவும். இருக்கையின் வார்ப்பட்டைகளைக் கத்தரித்து, கத்தரித்ததற்குப் புகைப்படம் எடுத்து அனுப்பினால் அறுபது டாலர் காசோலை அனுப்பப்படும். பிறகு வண்டியை அப்புறப்படுத்திவிடலாம் என்று எழுதியிருந்தது.

சர்க்கார் மனிதனுக்குச் சுற்றறிக்கை என்றால் வேதம். கடிதத்தின் தலைப்பில் அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையத்தின் பெயரையும் கண்டவுடன், இது மேலிடத்து உத்தரவு என்றே நினைத்தேன். மாப்பிள்ளையைக் கேட்டேன். கணினியிலிருந்து கண்ணை எடுக்காமலே, "நீங்களே பண்ணிடுங்க மாமா, அது கராஜை அடைச்சுண்டு நிக்கறது" என்றார். இந்த வாக்கியத்தை நான் மறக்கவில்லை, அவர் மறந்துவிட்டார். தோள்வார் இரண்டு, இடுப்புவார் இரண்டு, கால் நடுவே வருகிற வார் ஒன்று ஆக ஐந்தையும் வெட்டினேன். வெட்டிய முனைகள் தெளிவாகத் தெரியும்படி தரையில் பரப்பிப் படமும் எடுத்தேன். துணியில் உறைந்திருந்த இரத்தக் கறையை என் மனைவி அக்டோபரிலேயே உப்பும் வினிகரும் போட்டு நன்றாகத் தேய்த்துவிட்டிருந்தாள். வியாழக்கிழமை குப்பை லாரி வந்தது.

மூன்று மாதம் கழித்து மகள் வக்கீலைத் தேடிப் போனபோதுதான் என் காரியத்தின் பலன் தெரிந்தது. இரண்டு வக்கீல்கள் வண்டி இல்லையென்று கேட்டவுடனேயே கை விரித்துவிட்டார்கள். மூன்றாமவர் ஒரு மூத்த அம்மையார், ஜெயித்தால் மூன்றிலொரு பங்கு, தோற்றால் ஒன்றுமில்லை என்ற வழக்கமான உடன்படிக்கையில் எடுத்துக்கொண்டவர், என் புகைப்படத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "பின்காலில் ஒட்டியிருந்த சீட்டு எங்கே?" சிறுவர் பொருள் ஒவ்வொன்றிலும் உற்பத்தியாளர் பெயர், உற்பத்தியான இடம், தேதி இவை தெரியும்படி அழியாத குறியொன்று இருக்க வேண்டுமென்பதும் அதே 2008-ஆம் வருஷச் சட்டத்தின் விதி. கீல்களில் விரல் நசுங்காதிருக்க வேண்டுமென்பதை உள்ளிட்ட நிபந்தனைகளோடு ஸ்ட்ரோலர்களுக்கென்று ஆணையம் 2014-இல் வெளியிட்ட கட்டாய விதிகளோ, 2015 செப்டம்பருக்குப் பின் தயாரானவற்றுக்கே பொருந்தும். ஆகவே எங்கள் வண்டி எந்த மாதம் தயாரானது என்பதில்தான் வழக்கின் பாதி பலம் அடங்கியிருந்தது. நண்பரிடம் ரசீது இல்லை. ஐந்து வாரும் அழகாகத் தெரிகிற என் படத்தில் பின்கால் மாத்திரம் இல்லை.

சட்டம் குழந்தையின் பக்கந்தான் இருந்தது என்பதால்தான் இந்த வயிற்றெரிச்சல். கலிபோர்னியாவில் உற்பத்தியாளனுடைய கவனக்குறைவை நாம் நிரூபிக்க வேண்டியதில்லை. பொருளில் பழுது இருந்தது, அந்தப் பழுதினால் காயம் நேர்ந்தது என்று காட்டினால் போதும். மனைவி பரிசாக வாங்கித் தந்த மரவேலை இயந்திரத்திலிருந்து கட்டை தெறித்து நெற்றியில் அடித்த கிரீன்மன் என்பவருடைய வழக்கில், 1963-இல் அந்த மாநில உச்ச நீதிமன்றத்தின் நீதிபதி ரோஜர் டிரெய்னர் எழுதிய தீர்ப்பு அதற்கு அஸ்திவாரம். பொருளை விலை கொடுத்து வாங்கியவனுக்குத்தான் உரிமை என்பதும் இல்லை. இனாமாக வந்த வண்டியானாலும் குழந்தைக்கு உரிமை உண்டு. ஆனால் பழுதைக் காட்டப் பொருள் வேண்டுமே! நிறுவனமே திரும்பப் பெற்றுக்கொண்டதே, அதைவிட என்ன அத்தாட்சி வேண்டும் என்று நானும் உங்களைப் போலத்தான் நினைத்தேன். அந்த ரகத்தில் குறை உண்டென்பதை அறிவிப்பு சொல்லும். இந்த ஒரு வண்டியின் இந்த ஒரு கீல் அன்றைக்கு எந்த ஸ்திதியில் இருந்தது என்பதைச் சொல்லாது. "முந்தைய உடைமைக்காரர் அதை எப்படிக் கையாண்டாரோ, யார் கண்டது?" என்று பிரதிவாதி தரப்பு வக்கீல் புன்னகையோடு கேட்டார். கீலின் இடைவெளியை அளந்து சொல்ல ஓர் இஞ்சினீயரை அமர்த்தியிருந்தோம். அளக்க அவருக்கு எதுவும் இல்லை.

விரலைக் காவு வாங்கும் கீல் புதிய சங்கதியும் அல்ல. 2009-இல் மக்லாரன் நிறுவனம் அமெரிக்காவில் 12 குழந்தைகளின் விரல் நுனி துண்டானதாகப் புகார் வந்த பின் சுமார் 10 லட்சம் வண்டிகளுக்கு அறிவிப்புக் கொடுத்து, கீலுக்கு உறை அனுப்பியது. 2014-இல் கிராக்கோ நிறுவனம் சுமார் 47 லட்சம் வண்டிகளுக்கு அப்படியே செய்தது. எங்கள் வண்டி இவ்விருவருடையதும் அல்ல. யாருடையது என்று சொல்ல எனக்கு அனுமதியில்லை. இந்த இரண்டு செய்திகளையும் படித்திருந்தால் இனாம் வண்டியின் கீலை ஒரு தரம் தடவியாவது பார்த்திருப்பார் மாப்பிள்ளை. ஆணையம் 2011 முதல் பொதுமக்களே புகார் பதியவும் பிறர் புகாரைப் படிக்கவும் ஏற்பாடு செய்திருக்கிறது. அதில் அந்த ரக வண்டியின் பெயரைத் தேடிப் பார்க்கப் பத்து நிமிஷம் போதும். எதையெதையோ தேடித் தேடி வாங்குகிறவர், சும்மா வந்ததால் இதைத் தேடவில்லை.

அடுத்த ஆண்டு நான் மறுபடி போனபோது என்னிடம் வாக்குமூலம் வாங்கினார்கள். மொழிபெயர்ப்பாளர் வேண்டுமா என்று கேட்டார்கள். பதிவு இலாகாவில் ஆங்கிலத்திலேயே குறிப்பெழுதியவனுக்கு மொழிபெயர்ப்பாளரா என்று மறுத்துவிட்டேன். அந்த மறுப்புக்கும் விலை உண்டு. குழந்தையின் கை எங்கே இருந்தது, பார்த்தீர்களா என்று ஒரே கேள்வியை ஏழு விதமாகக் கேட்டபோது, ஏழாவது தரம் "பார்த்திருக்கலாம்" என்று சொல்லிவிட்டேன். பார்த்திருந்தால் நன்றாயிருந்திருக்கும் என்பது என் கருத்து. பார்த்தும் அழுத்தினேன் என்று அவர்கள் எழுதிக்கொண்டார்கள். தாத்தாவின் கவனக்குறைவு என்று ஒரு பங்கு அதனால் என் தலையில் ஏறியது. மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொள்ளுங்கள், உங்கள் ஆங்கிலம் எவ்வளவு நன்றாயிருந்தாலும் வைத்துக்கொள்ளுங்கள்.

தவணை விஷயம்: காயத்துக்கு வழக்குப் போட அங்கே இரண்டு வருஷம். குழந்தைக்குப் பதினெட்டு வயது நிரம்பும்வரை அவளுடைய கணக்கு ஓடாது. ஆனால் பெற்றவர்கள் செலவழித்த வைத்தியப் பணம் பெற்றவர்களுடைய கோரிக்கை, அது காத்திராது. மகள் இதைச் சரியாகச் செய்தாள். அவள் என் பெண். சமரசமாக முடிந்தது. மைனர் வழக்காதலால் நீதிபதியின் சம்மதம் வேண்டியிருந்தது. தொகையை வெளியிடுவதில்லை என்று கையெழுத்திட்டிருக்கிறோம். வக்கீல் பங்கும், இஞ்சினீயர் கூலியும், வைத்தியச் செலவைக் கொடுத்த இன்ஷூரன்ஸ் கம்பெனி முதல் வரிசையில் வந்து திரும்ப வாங்கிக்கொண்டதும் போக மிஞ்சியது, அவள் பதினெட்டு வயது வரை யாரும் தொடமுடியாத வங்கிக் கணக்கில் இருக்கிறது. வண்டி கையில் இருந்திருந்தால் எவ்வளவு வந்திருக்கும் என்று அந்த அம்மையாரிடம் ஒரு நாள் கேட்டேன். அவர் ஜன்னலைப் பார்த்தார்.

ஆகவே காயம் பட்ட வண்டியைக் கழுவாதீர்கள், மடக்காதீர்கள், நிறுவனம் அனுப்புகிற உறையைக்கூட மாட்டாதீர்கள். பெரிய பாலிதீன் பையில் சுற்றி, பின்கால் சீட்டை நாலு பக்கமும் படமெடுத்து, மாப்பிள்ளை என்ன முணுமுணுத்தாலும் கராஜிலேயே நிறுத்திவையுங்கள். வெட்டச் சொல்லி வருகிற கடிதம் காயம் படாத வண்டிக்காரர்களுக்கு எழுதப்பட்டது. அறுபது டாலர் எங்கும் ஓடிவிடாது.

அந்த அறுபது டாலர் காசோலை மார்ச் மாதம் வந்தது. மாப்பிள்ளை தம் கணக்கில் போட்டுக்கொண்டார். வங்கிச் சீட்டு என்னிடம் பத்திரமாக இருக்கிறது.