மனிதர் உணவும் பூனையின் உடலும்

மனிதர் உண்ணுதற்கெனப் பக்குவஞ் செய்யப்பெற்று, தகர டப்பிகளிலும் காகித உறைகளிலும் அடைத்து விற்கப்படும் பண்டங்களை வீட்டுப் பூனைகளுக்கு இடலாமா என்பதே இக்கட்டுரையில் நாம் ஆராயப் புகும் விஷயமாம். இதனை அற்ப விஷயமெனக் கருதுவாரும் உளர். ஆயினும், விடுதிகளில் தங்கிக் கல்வி பயிலும் மாணாக்கர் பலர், உணவு மண்டபத்தின் வாயிலில் வந்து நிற்கும் பூனைக்குப் பிஸ்கோத்தும் ரொட்டியும் ஈந்து அன்பு பாராட்டுவதை நாம் காண்கின்றோம். அவ்வீகை அப்பிராணிக்கு நன்மை பயக்கின்றதா, தீமை பயக்கின்றதா என்று வினவுவார் மிகச் சிலரே. நமக்குத் தீங்கு செய்யாதது அதற்கும் செய்யாது என்னும் எண்ணமே எங்கும் பரவியுள்ளது. இவ்வெண்ணம் பிழைபட்டதென்பதை உடல்நூலார் ஆராய்ச்சியாற் கண்டுள்ளனர். அவர் கண்டவற்றுட் சிலவற்றை ஈண்டு எடுத்துரைப்போம்.

பூனை நம்மோடு வாழத் தொடங்கிய வரலாற்றை முதற்கண் நோக்குதல் நலம். ஏறக்குறையப் பதினாயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் மேற்கு ஆசியாவில் மக்கள் தானியத்தை விளைத்துச் சேர்த்து வைக்கத் தலைப்பட்டனர். தானியத்தை நாடி எலி வந்தது. எலியை நாடிக் காட்டுப் பூனை வந்தது. ஸைப்ரஸ் தீவில் மனிதனுக்கு அருகே ஒரு பூனையும் புதைக்கப்பட்டிருந்த புதைகுழியொன்று ஆராய்ச்சியாளராற் கண்டெடுக்கப்பட்டு 2004-ஆம் ஆண்டில் உலகிற்கு அறிவிக்கப்பெற்றது. அதன் வயது ஏறத்தாழ 9,500 ஆண்டுகள் என்ப. நாயோ மனிதன் எறிந்த எச்சிலையும் உண்டு பழகி, மாவுப் பண்டங்களையும் செரிக்கவல்ல உடலைக் காலப்போக்கிற் பெற்றது. பூனைக்கு அத்தகைய மாறுதல் நேரவில்லை. மனிதன் சோறிட்டுப் பூனையை வளர்த்தான் என்பதினும், அவன் களஞ்சியத்து எலியே அதனை வளர்த்தது என்று கூறுதல் உண்மைக்கு அணித்தாகும்.

எலியின் உடலில் இறைச்சி, ஈரல், இருதயம், மூளை, எலும்பு யாவும் உள. பூனைக்கு வேண்டிய சத்துக்களெல்லாம் அதனுள்ளே ஆயத்தமாய்ச் சமைந்து கிடக்கின்றன. ஆகவே அவற்றைத் தன்னுடலிற் புதிதாக ஆக்கிக்கொள்ள வேண்டிய அவசியம் பூனைக்கு இல்லாமற் போயிற்று. பயன்படாத தொழிற்சாலைகள் மூடப்படுவதுபோல, அவ்வாற்றல்களும் நாளடைவில் ஒடுங்கின. நாம் காரட்டு, கீரை முதலியவற்றிலுள்ள மஞ்சட் பொருளை ‘ஏ’ வைட்டமின் என்னும் ஜீவசத்தாக மாற்றிக்கொள்ளுகின்றோம். பூனையால் அஃது இயலாது. புரதத்தின் ஒரு கூறினின்று நயாஸின் என்னும் ஜீவசத்தை நாம் ஓரளவு ஆக்கிக்கொள்ளுகின்றோம். பூனையிடம் அவ்வாற்றலும் இல்லையெனலாம். தாவர எண்ணெயினின்று உடலுக்கு இன்றியமையாத சில கொழுப்பு அமிலங்களைப் போதிய அளவு ஆக்கிக்கொள்ளவும் அதற்கு வலியில்லை. இனிப்பை உணரும் நாவின் உறுப்புக்கு வேண்டிய இரண்டு ஜீன்களுள் ஒன்று பூனையிற் சிதைந்துள்ளதென்பதை, பிலடெல்பியா நகரத்து மோனெல் ஆராய்ச்சி நிலையத்தார் 2005-இல் கண்டனர். ஆதலின் பூனை இனிப்பு ரொட்டியை விரும்பியுண்ணும்போது, அது சர்க்கரையின் சுவைக்காக உண்ணவில்லை. அதிற் கலந்துள்ள வெண்ணெய், பால் முதலியவற்றின் மணத்திற்காகவே உண்ணுகின்றது போலும்!

இக்குறைபாடுகள் யாவற்றினும் விரிவாய்க் கூறத்தக்கது டாரின் என்னும் பொருளைப் பற்றியதாகும். இப்பொருளை 1827-இல் டீட்மன், க்மேலின் என்னும் ஜெர்மானிய விஞ்ஞானிகள் எருதின் பித்தநீரினின்று பிரித்தெடுத்தனர். லத்தீன் மொழியில் எருதைக் குறிக்கும் சொல்லினின்றே அதற்குப் பெயரும் அமைந்தது. இது மாம்ஸத்திலும் மீனிலும் உண்டு. எலியின் உடலில் மிகுதியாய் உண்டு. அரிசி, கோதுமை, பருப்பு முதலிய தாவர உணவுகளில் இல்லையென்றே கூறலாம். பசுவின் பாலிலும் மிகச் சிறிதே. நம் உடல் இதனை வேண்டிய அளவு தானே ஆக்கிக்கொள்ளும். பூனையோ மிகச் சிறிதளவே ஆக்க வல்லது; செரிமானத்துக்குரிய பித்தநீரில் நாள்தோறும் அதனை இழந்தும் வருகின்றது. வரவு சுருங்கிச் செலவு ஓயாத குடும்பத்தின் நிலை எதுவோ, அதுவே உணவில் டாரின் பெறாத பூனையின் நிலையாம்.

இதனால் விளையும் கேடு 1975-இல் வெளியாயிற்று. ஹேய்ஸ் என்பாரும் அவர் துணைவரும் பாலின் புரதமாகிய கேஸீனையே புரதமாகக் கொண்ட உணவைப் பூனைகளுக்கு ஊட்டி வந்தனர். அப்பூனைகளின் விழித்திரை அழியலாயிற்று. காரணம் டாரின் குறைவே என்று அவர்கள் நிறுவினர். கேஸீன் விஷமன்று, நாம் நாளும் உண்ணும் பொருளே. அவ்வுணவிற் கெடுதி செய்வதொன்றும் கலக்கப்படவுமில்லை. இருக்கவேண்டியதொன்று இல்லாமையே கெடுதியாயிற்று. இஃது ஒரு நாளிலோ ஒரு வாரத்திலோ நேர்வதன்று. திங்கள் பல செல்லும். அதற்குள் பூனை தன் வீட்டின் மூலை முடுக்குகளைப் பழக்கத்தால் அறிந்து நடமாடுமாதலின், அதன் பார்வை மங்குவதை வளர்ப்பவர் அறிவதேயில்லை. அறியும்போது விழித்திரை பெரிதும் அழிந்திருக்கும். அழிந்த பகுதி மீள்வதில்லை.

பன்னிரண்டு ஆண்டுகட்குப் பின்னர் இதனினும் வியத்தகு செய்தியொன்று கலிபோர்னியாவிலுள்ள டேவிஸ் நகரத்துப் பல்கலைக்கழகத்தினின்று வந்தது. பூனைகளின் இருதயத் தசை தளர்ந்து, இருதயம் பருத்து, அவை மூச்சுத் திணறி மாளும் நோயொன்று அந்நாளில் மிகுந்திருந்தது. அதற்கு மருந்தில்லையென்றே மிருக வைத்தியர் எண்ணியிருந்தனர். பயன் என்னும் வைத்தியரும் அவரோடு உழைத்த அறிஞரும், அந்நோயுற்ற பூனைகளின் இரத்தத்தில் டாரின் மிகக் குறைந்திருத்தலைக் கண்டு, அதனை உணவிற் சேர்த்துக் கொடுத்தனர். தளர்ந்த இருதயங்கள் மீண்டும் வலிபெற்றன. 1987-இல் ‘ஸயன்ஸ்’ பத்திரிகையில் இதனை அவர்கள் வெளியிட்டனர். இதில் நாம் கருத்தூன்றிக் காணவேண்டுவது ஒன்றுண்டு. அப்பூனைகள் கடையிற் பூனைக்கென்றே விற்கப்பட்ட உணவை உண்டவை. அவ்வுணவுகளில் அந்நாளைய கணக்கின்படி போதிய டாரினும் இருந்தது. எனினும் அது பூனையின் உடலிற் சேரவில்லை. டப்பியில் அடைத்துச் சூடேற்றிப் பக்குவஞ் செய்த உணவை உண்ணும்போது, குடலிலுள்ள நுண்ணுயிர்கள் டாரினை மிகுதியாய்ச் சிதைத்துவிடுகின்றன என்பது பின்னர்த் தெளிவாயிற்று. ஆகையால் இக்காலத்து அமெரிக்க விதிகள், உலர்ந்த பூனையுணவில் நூற்றுக்கு 0.1 பங்கு டாரின் வேண்டுமெனவும், டப்பியுணவில் அதன் இருமடங்காகிய 0.2 பங்கு வேண்டுமெனவும் வரையறுக்கின்றன. பூனைக்கெனவே அறிஞர் வகுத்த உணவிலே இத்துணைச் சிக்கல் இருந்ததென்றால், பூனையை நினையாது மனிதர்க்கெனச் செய்த ரொட்டியிலும் நூடுல்ஸிலும் அதற்கு வேண்டியது எவ்வாறு அமைந்திருக்கும்?

இவ்விடத்தில், “எங்கள் பாட்டியார் வளர்த்த பூனை பாற்சோறும் மோர்ச்சோறும் உண்டே பன்னிரண்டு ஆண்டு வாழ்ந்ததே!” என்று நண்பர் சிலர் நம்மை மடக்குவர். அவர் கூறுவது உண்மையே, மறுப்பதற்கில்லை. ஆயின் அப்பூனை பகலில் உண்ட சோற்றைப் பாட்டியார் கண்டனர். இரவில் நெற்குதிரின் அடியிலும் கூரையின் மீதும் அது உண்டதைக் கண்டிலர். எலி, ஓணான், குருவி முதலியவற்றாற் பெற்ற டாரினே அதன் கண்ணையும் இருதயத்தையும் காத்தது. சோறு வயிற்றை நிரப்பியது. இக்காலத்தில் நகரங்களின் அடுக்குமாடி வீடுகளில், நான்காம் மாடியிற் கதவடைத்து வளர்க்கப்படும் பூனைக்கு எலி ஏது? நாம் இடுவதொன்றே அதன் முழு உணவு. முன்னோர் அநுபவத்தை முன்னோர் வாழ்க்கையினின்று பிரித்தெடுத்து நமக்குச் சான்றாக்குதல் பொருந்தாது என்பதே நம் கருத்து. விடுதி வாயிலில் நிற்கும் பூனை வெளியே வேட்டையாடித் திரிவதாகலின், அதற்கு எப்போதேனும் எறியப்படும் ரொட்டித் துண்டால் பெருங்கேடு விளையாது. அடைபட்ட பூனையின் நிலையோ வேறு.

இனி, இல்லாமையால் வரும் கேட்டை விடுத்து, உள்ளதால் வரும் கேட்டுக்கு வருவோம். இதில் முதலிடம் பெறுவது வெங்காயம். வெங்காயத்திலும் பூண்டிலும் உள்ள கந்தகப் பொருள்கள் இரத்தத்தின் சிவப்பணுக்களைத் தாக்குவன. பூனையின் ஹீமோகுளோபினில் இத்தாக்குதலுக்கு இடந்தரும் கந்தகக் கூறுகள் எட்டு உள, நாயினிடம் நான்கு, மனிதனிடம் இரண்டே. ஆதலால் நாம் கறியிற் பெய்து மகிழும் வெங்காயம் பூனையின் சிவப்பணுக்களை உடைத்துச் சோகையை உண்டாக்கும். பூனையின் எடையில் ஒரு கிலோவுக்கு 5 கிராம் வெங்காயமே தீங்கு செய்யப் போதுமென்பர். நான்கு கிலோ எடையுள்ள பூனைக்கு இது 20 கிராம் ஆகின்றது. ஒரு சிறு வெங்காயத்தின் அளவே. சமைத்தாலும், உலர்த்திப் பொடியாக்கினாலும் இத்தீமை நீங்குவதில்லை. பூண்டு இதனினும் கொடியது. பச்சை வெங்காயத்தைப் பூனை தானாகத் தின்னாது. ஆயின் பக்குவஞ் செய்த பண்டங்களிலோ அது பொடியாய்க் கலந்து கண்ணுக்குப் புலப்படாது மறைந்து நிற்கின்றது. நோயுற்ற பூனைக்கு எளிதிற் செரிக்குமென்று மேல்நாட்டார் குழந்தைகளுக்குரிய இறைச்சிக் கூழை ஊட்டுவது வழக்கம். அதிற் சுவைக்காகச் சேர்க்கப்படும் வெங்காயப் பொடி பூனைகளின் சிவப்பணுக்களைக் கெடுப்பதை 1998-இல் வெளிவந்த ஆராய்ச்சியொன்று மெய்ப்பித்தது. பச்சிளங் குழந்தைக்கு ஏற்ற மெல்லுணவே பூனைக்கு ஊறு செய்ததென்றால், நம் கடைகளில் விற்கும் நூடுல்ஸ் மசாலைப் பொடியைப் பற்றி என் சொல்வது!

கெடாதிருத்தற்பொருட்டுச் சேர்க்கப்படும் மருந்துகளும் அவ்வாறே. புரோப்பிலீன் கிளைக்கால் என்பது பண்டங்களை ஈரம் புலராமல் வைத்திருக்கும் பொருள். மனித உணவில் இது அனுமதிக்கப்பட்டுள்ளது. பூனையின் சிவப்பணுக்களை இது கெடுத்தலால், பூனையுணவில் இதனைச் சேர்க்கலாகாதென்று அமெரிக்க அரசாங்கத்தின் உணவு மருந்து நிர்வாகம் 1996-இல் தடை விதித்தது. ஒரே பொருள் மனிதர்க்கு ஆகும், பூனைக்கு ஆகாதென்று சட்டமே பிரித்துரைப்பதற்கு இதனினும் தெளிவான உதாரணம் வேண்டுவதில்லை. பழரசங்களிலும் ஊறுகாய்களிலும் சேர்க்கப்படும் பென்ஸாயிக் அமிலமும் பூனையின் உடலினின்று எளிதில் வெளியேறுவதில்லை. அஃது இறைச்சியிற் கலந்தமையாற் பூனைகள் வெறியும் நடுக்கமுங் கொண்டு மாண்ட செய்தியை 1970-களின் தொடக்கத்தில் இங்கிலாந்து மிருக வைத்தியப் பத்திரிகை வெளியிட்டது. இறைச்சியின் செந்நிறம் மாறாதிருக்கச் சேர்க்கும் கந்தக உப்புக்கள் தயாமின் என்னும் ஜீவசத்தை அழித்துவிடும். அது குன்றிய பூனை தலை நிமிர மாட்டாது கவிழ்ந்து, வலிப்புற்று விழும்.

மீனைப் பற்றியும் ஒரு சொல். பூனைக்கு மீன் என்பது பழமொழிபோல் நம்மவர் உள்ளத்திற் பதிந்துள்ளது. எண்ணெயில் அமிழ்த்திய டப்பி மீனையே இடைவிடாது ஊட்டின், மிக்க கொழுப்புக்கு ஈடாக ‘ஈ’ வைட்டமின் கிடையாது, தோலின் கீழுள்ள கொழுப்பு மஞ்சள் நிறமுற்று அழன்று, தொட்டாலும் பொறாத நோவுண்டாகும். சில மீன்களைப் பச்சையாக இடுவதாலும் தயாமின் அழியும். பாலோவெனில், குட்டிப் பருவம் கடந்த பூனைகள் பலவற்றுக்குப் பாற்சர்க்கரை செரியாது, வயிற்றுப்போக்கு உண்டாகும். இவை பலரும் அறிந்தனவாதலின் விரித்திலம்.

பூனைக்கென விற்கும் உணவை வாங்க வசதியுடையோர், அது முழு உணவெனக் குறிக்கப்பட்டதா, இடையிடையே தரும் தின்பண்டமா என்பதை உறையிற் படித்துப் பார்த்தல் வேண்டும். விலை மிகுதியென்று நாயுணவை இடுவாரும் உண்டு. நாய்க்கு வளர்ந்த பருவத்தில் நூற்றுக்கு 18 பங்கு புரதம் போதுமென வகுத்த விதி, பூனைக்கு 26 பங்கு வேண்டுமென்கின்றது. டாரினும் நாயுணவில் நிச்சயமில்லை. வீட்டிலேயே சமைத்திட விரும்புவோர் தேர்ந்த மிருக வைத்தியரிடம் அளவு கேட்டு அமைத்தலே முறை; இருதயம், ஈரல் முதலியன அதில் இடம்பெறும். ஆயின் ஈரலையே நாள்தோறும் இடின், ‘ஏ’ வைட்டமின் மிகுந்து கழுத்தெலும்புகள் ஒன்றோடொன்று இணைந்து இறுகிவிடும். டாரின் நீரிற் கரையும் தன்மையது. இறைச்சியை வேகவைக்கும்போது அதிற் பெரும்பகுதி நீரிற் சென்றுவிடும். ஆகவே இறைச்சி வெந்த நீரைக் கொட்டிவிடாது, உப்பும் வெங்காயமும் மசாலையும் சேர்க்குமுன்னரே ஒரு பாத்திரத்தில் எடுத்து வைத்து, ஆறிய பின்னர் அவ்விறைச்சியோடு கலந்து பூனைக்கு இடுக.