விலகல் அறிகுறிகளும் சிகிச்சையும்

மதுபானம், ஹெரோயின் முதலியவற்றை நாட்பட உபயோகித்த ஒருவர் அவற்றைத் திடீரென நிறுத்தும்போது உடலிலும் உள்ளத்திலும் தோன்றும் பாதிப்புகள் விலகல் அறிகுறிகள் எனப்படும். இவை நோய்நிலையே, மனவுறுதிக் குறைவு அன்று.

காரணம்

மதுசாரம் மூளையின் செயற்பாட்டை மந்தமாக்கும். இதை ஈடுசெய்ய மூளை நாளடைவில் தன் தூண்டலை அதிகரித்துக்கொள்ளும். மது நின்றதும் அதிகரித்த தூண்டல் மட்டும் எஞ்சுவதால் நடுக்கமும் வலிப்பும் ஏற்படுகின்றன.

அறிகுறிகள் தோன்றும் காலம்

அ. மதுசாரம் (இறுதியாக அருந்திய நேரத்திலிருந்து)
• 6 – 24 மணி: கைநடுக்கம், வியர்வை, பதகளிப்பு, வாந்தி, நித்திரையின்மை
• 6 – 48 மணி: வலிப்பு ஏற்படலாம்
• 2 – 4 நாள்: சிலருக்குக் கடும் மனக்குழப்பம், இல்லாதவற்றைக் காணல், காய்ச்சல். சிகிச்சை இன்றேல் மரணமும் நேரலாம்.

ஆ. ஹெரோயின்
• ஏறத்தாழ 8 – 12 மணியில் கண்ணீர், மூக்கொழுகல், தசைநோ, வயிற்றோட்டம் ஆரம்பிக்கும். 2ஆம், 3ஆம் நாட்களில் உச்சமடைந்து ஒரு வாரமளவில் தணியும். நீரிழப்பே முக்கிய ஆபத்து.

சிகிச்சை

1. மதுசார விலகலுக்கு டயசிபாம் போன்ற மருந்து வைத்தியரின் கண்காணிப்பில் வழங்கப்பட்டுப் படிப்படியாகக் குறைக்கப்படும். மூளைப் பாதிப்பைத் தடுக்கத் தயமின் வழங்கப்படும்.
2. ஹெரோயின் விலகலில் நோவு, வயிற்றோட்டம் என்பவற்றுக்கு மருந்து வழங்கப்படும். மெதடோன், புப்ரெனோர்பின் ஆகியன 2005இல் உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்க்கப்பட்டன.
3. பின்னர் உளவளத்துணையும் குடும்ப ஆதரவும் தொடர வேண்டும்.

நினைவிற் கொள்க: நிறுத்தியபின் உடலின் தாங்குதிறன் குறையும். மீண்டும் பழைய அளவில் ஹெரோயினை எடுப்பின் சுவாசம் நின்று மரணம் ஏற்படலாம்.

மாதிரி வினா

நெடுந்தீவில் பல வருடங்களாகத் தினமும் சாராயம் அருந்திய ஒருவர் நேற்றுக் காலை அதை நிறுத்தினார். இன்று காலை அவரது கைகள் நடுங்குகின்றன. “ஒரு கிழமை அறைக்குள் பூட்டி வைத்தால் சரிவரும்” என்கின்றனர் உறவினர். இது சரியா? நீர் என்ன செய்வீர்?

விடை

சரியன்று. 24 மணித்தியாலமே கடந்துள்ளது. வலிப்பு ஏற்படும் காலம் முடியவில்லை. மனக்குழப்பத்துக்குரிய காலம் இனித்தான் வரும். எனவே உடனே நெடுந்தீவு வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்வேன். ஊர்காவற்றுறையிலிருந்து யாழ்ப்பாணத்துக்குத் தரைவழி உண்டு. நெடுந்தீவிலிருந்தோ குறிகட்டுவானுக்கே படகில் ஏறத்தாழ ஒரு மணித்தியாலம் செல்ல வேண்டும். இரவில் வலிப்பு வந்தபின் கடல் கடப்பது கடினம். ஆகவே பகலிலேயே வைத்தியரைக் காண்பது அவசியம். நிறுத்துவதற்கு முன்னரே காண்பது மிகச் சிறந்தது.

ஆலோசனைக்கு: தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபை, தொலைபேசி 1927.