மரவள்ளிக்குப் பூவே இல்லையா?

மியன்மாவின் யாங்கூன் நகரில் உள்ள போட்டாதாங் பகுதியின் தெருவோரத்தில் வேகவைத்த மரவள்ளியைத் தேங்காய்த் துருவலோடு வாங்கிச் சாப்பிடுகிறவர்களில் எத்தனை பேர் அந்தச் செடியின் பூவைப் பார்த்திருப்பார்கள்? குச்சியை வெட்டி நட்டாலே முளைத்துவிடும் பயிர் அது. விதையைத் தேடி யாரும் போவதில்லை. அதனாலேயே மரவள்ளி பூக்காது என்ற எண்ணம் பலரிடம் ஊறிக் கிடக்கிறது.

பூக்கத்தான் செய்கிறது. தண்டின் நுனி பூங்கொத்தாக மாறும்போதுதான் செடி கிளையே பிரிகிறது. ஒரே கொத்தில் ஆண் பூவும் உண்டு, பெண் பூவும் உண்டு. அடியில் இருக்கும் சில பெண் பூக்கள் முதலில் விரியும். மேலே இருக்கும் ஏராளமான ஆண் பூக்கள் விரிய மேலும் ஒன்றிரண்டு வாரம் ஆகும். கிளை பிரியாமல் நேராக வளரும் ரகங்களில் நடவுக்குச்சி நன்றாகக் கிடைக்கும் என்பதால் விவசாயிகள் அவற்றையே விரும்புகிறார்கள். பூக்கத் தயங்குவதும் அவையேதான்.

ஆண், பெண் என்பது பிறப்பிலேயே முடிவாகிவிடும் என்பது இன்னொரு நம்பிக்கை. யாழ்ப்பாணத்தார் கூழ் காய்ச்சும் இராசவள்ளியின் இனத்துக்கு இது பொருந்தும்: ஆண் கொடி வேறு, பெண் கொடி வேறு. மரவள்ளியின் கதை வேறு. சைட்டோகைனின் என்னும் ஹார்மோன் வகையைச் சேர்ந்த பென்சைல் அடினைனை இளம் பூங்கொத்தில் இட்டால், ஆணாக வேண்டிய மொட்டுகள் பெண் பூவாகின்றன. எத்திலீன் என்னும் வாயு ஹார்மோன் மொட்டுகளை உதிரவைக்கும்; வெள்ளித் தயோசல்பேட் அதன் வேலையைத் தடுப்பதால் பூக்கள் கூடுகின்றன, நீண்ட நாள் நிற்கின்றன. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகமும் நைஜீரியாவின் இபாதானில் உள்ள பன்னாட்டு வெப்பமண்டல வேளாண்மை நிறுவனமும் இதைச் சோதித்துக் காட்டியிருக்கின்றன.

சேனை பூத்தால் வீட்டுக்கு ஆகாது என்பாரும் உண்டு. அழுகிய இறைச்சி போல நாறும் அந்தக் கருஞ்சிவப்புப் பூவைக் கண்டால் யாருக்கும் கலக்கம் வரும்தான். ஆனால் அந்த நாற்றம் வண்டுகளுக்கான அழைப்பு. பெண் பூக்கள் முதலில் தயாராகி, அவற்றின் பருவம் கடந்த பிறகே மகரந்தம் கொட்டும்; ஆகவே வேறொரு செடியின் மகரந்தம் வந்தால்தான் விதை பிடிக்கும். கிழங்கில் போதிய சேமிப்பு சேர்ந்துவிட்டது என்பதைத் தவிர அந்தப் பூவுக்கு வேறு சகுனம் கிடையாது. எளிதில் பூக்காத சேம்பையும் ஜிப்ரெலின் வகை ஹார்மோனான ஜிப்ரெலிக் அமிலம் தெளித்துப் பூக்க வைக்க முடியும்.

ஹார்மோன் அடித்தால் கிழங்கு பருத்துவிடும் என்று நம்பி மருந்துக் கடைக்கு ஓடுவதுதான் இவற்றிலெல்லாம் கவலை தருவது. அதே ஜிப்ரெலின் உருளைக்கிழங்குச் செடியில் கூடினால் தண்டும் இலையும் நீளும், கிழங்கு பிடிப்பது தள்ளிப்போகும். வெள்ளித் தயோசல்பேட்டும் விளைச்சல் மருந்தல்ல. கலப்பினம் உருவாக்குவோர் விதைக்காக வளர்க்கும் செடிகளுக்கு உரியது.

அவர்களுக்கு அது அவசரத் தேவை. திருவனந்தபுரம் ஸ்ரீகாரியத்தில் 1963-ல் தொடங்கிய மத்திய கிழங்குப் பயிர் ஆராய்ச்சி நிலையம் 1971-ல் தந்த எச்-165, எச்-226 ரகங்கள் பூவோடு பூவைச் சேர்த்துப் பிறந்தவையே. மரவள்ளியின் தேமல் நோயோ 2015-ல் கம்போடியாவில் கண்டறியப்பட்டு, 2018-ல் மியன்மாவின் அண்டை நாடான தாய்லாந்தையும் எட்டிவிட்டது. நோயுற்ற வயலில் வெட்டிய குச்சியோடு வைரஸும் சேர்ந்தே அடுத்த வயலுக்குப் போகிறது. எதிர்ப்புத் திறனுள்ள புது ரகம் வேண்டுமானால் இரண்டு செடிகள் ஒரே சமயத்தில் பூத்தாக வேண்டும்.